வாசலில் கழற்றிய செருப்பு

தொழுநோய் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவுக்கு வருவது ஓர் ஆணின் உருவம். 1954இல் வெளியான ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் எம்.ஆர். ராதா நடித்த மோகனசுந்தரம். மனைவி சந்திராவை ஒதுக்கிவிட்டுக் காந்தாவிடம் போகிறவன், நோய் கண்டதும் காந்தாவால் துரத்தப்படுகிறான். நாடகமாக ஊர் ஊராக நடந்து, பிறகு படமாகி, இன்றும் வசனத்துக்காகப் பேசப்படும் கதை அது. அதில் நோய் ஓர் ஆணுக்குக் கிடைத்த தண்டனை. தண்டனைக்குக் காரணமாகக் காட்டப்படுகிறவள் ஒரு பெண்; அதன் பாரத்தைச் சுமக்கிறவள் இன்னொரு பெண். நோய் கண்ட பெண் என்று ஒருத்தி அந்தக் கதைக்குத் தேவைப்படவே இல்லை.

வாழ்க்கையில் அவள் இருந்தாள். நெல் அவித்தாள், நாற்று நட்டாள், அரிசி ஆலைக் களத்தில் சுடுவெயிலில் காலால் நெல்லைத் துழாவிக் காயவைத்தாள். அவள் பாதத்துக்கு என்ன ஆனது, அதைச் சரிசெய்ய மருத்துவம் என்ன செய்தது, சரிசெய்த பாதத்தோடு அவள் எந்த வீட்டுக்குத் திரும்பினாள் என்ற மூன்று கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது இந்தக் கட்டுரை. முதல் இரண்டுக்கும் மருத்துவ வரலாற்றில் பதில் உண்டு. மூன்றாவதை அந்த வரலாறு பெரும்பாலும் மருத்துவமனை வாசலோடு விட்டுவிடுகிறது.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையைக் களைய வேண்டும். தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி உதிரும் என்றே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தோம். நோயை உண்டாக்கும் கிருமியை நார்வேயின் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். அதற்குப் பின்னும் மருத்துவர்களிலேயே பலர், இந்த நோயாளிகளின் சதை கெட்ட சதை, அதில் கத்தி வைத்தால் ஆறாது என்று நம்பினார்கள். உண்மையில் அந்தக் கிருமி குறிவைப்பது தோலையும் நரம்புகளையும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறமாக எலும்பைச் சுற்றிவரும் நரம்பு கெட்டால் பாதத்தைத் தூக்கும் தசைகள் செயலிழக்கின்றன. நடக்கும்போது பாதம் தொங்கி, விரல்நுனி தரையில் இழுபடுகிறது. உள் கணுக்காலுக்குப் பின்னால் இறங்கும் நரம்பு கெட்டால் உள்ளங்கால் மரத்துப்போகிறது, கால்விரல்கள் மடங்கிச் சுருண்டுகொள்கின்றன.

கிருமியின் நேரடி வேலை ஏறக்குறைய இவ்வளவுதான். இதற்குப் பிறகு பாதத்தைச் சிதைப்பது காயம். முள் தைக்கிறது, தெரியவில்லை. அடுப்பிலிருந்து தெறித்த கங்கு பாதத்தின் மேல் விழுந்து கிடக்கிறது, தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் தெரிகிறது. கணுக்கால் பிசகுகிறது, சின்ன எலும்பு ஒன்று முறிகிறது, வலி இல்லாததால் அதே காலோடு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். உணர்வுள்ள நாம் நெடுந்தூரம் நடந்தால் நம்மை அறியாமலே காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறோம், கொஞ்சம் நொண்டுகிறோம். அந்த நொண்டல்தான் பாதத்தைக் காக்கிறது. மரத்த காலுக்கு நொண்டத் தெரியாது. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து உள்ளே சதை நசுங்கி, புண்ணாகி, சீழ் எலும்புவரை போகிறது. விரல்கள் குட்டையாவது இப்படித்தான். கண்டுகொள்ளாமல் விடப்பட்ட காயங்களின் மொத்தக் கணக்கே நாம் பார்த்து முகம் சுளித்த அந்தப் பாதம்.

காயங்களில் ஆண் பெண் வேறுபாடும் உண்டு. அடுப்பு, கொதிக்கும் உலைநீர், இறக்கிவைத்த சூடான பாத்திரம், ஈரச் சேற்றில் நாள் முழுக்க நிற்கும் நடவு, அறுத்த தாள் குத்தும் வயல் என்று பெண்ணின் வேலையிடங்கள் எல்லாம் வெறுங்காலுக்கு எதிரானவை. இவற்றில் பலவற்றில் செருப்புக்கு இடமே கிடையாது.

இந்தப் பாதத்தைச் சரிசெய்ய முடியும் என்ற எண்ணம் வேலூரை மையமாகக் கொண்டு வளர்ந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொடக்கத்தில் பெண்களுக்கான கல்லூரி என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற வழக்கத்தால் பிரசவத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 1918இல் பெண்களை மருத்துவர்களாக்க ஐடா ஸ்கடர் தொடங்கிய பள்ளி அது. ஆண் மாணவர்கள் அதில் சேர்ந்தது 1947இல்தான். அங்கே அறுவை மருத்துவம் கற்பிக்க 1946இல் வந்தவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மருத்துவ ஊழியம் செய்துவந்த பெற்றோருக்கு 1914இல் பிறந்தவர். கணவர் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்த பிறகும் மலைகளை விட்டுப் போகாமல், முதிய வயதில் இறக்கும்வரை மலைமக்களோடு வாழ்ந்த எவலின் பிராண்ட் இவருடைய தாய்.

செங்கல்பட்டில் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த ராபர்ட் காக்ரேன் அப்போது சல்போன் மருந்துகளைக் கொடுத்து நோயை அடக்கத் தொடங்கியிருந்தார். ஆனால் நோய் அடங்கியவர்களின் கையும் காலும் அப்படியே இருந்தன. கிருமி போன பிறகும் சுருண்ட விரலையும் தொங்கும் பாதத்தையும் பார்த்து ஊர் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அங்கே போய்ப் பார்த்த பிராண்ட், இந்தக் கைகால்களை ஆராய்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எவரும் ஏன் இல்லை என்று யோசித்தார். கெட்ட சதை என்ற கட்டுக்கதை அவருடைய பணியில்தான் உடைந்தது. ஓய்வு கொடுத்துக் காத்தால் இந்தப் புண்ணும் மற்றப் புண்ணைப் போலவே ஆறியது. முதலில் கைகளுக்கும் பின்னர் கால்களுக்கும் அறுவைச் சிகிச்சைகள் நடந்தன.

தொங்கும் பாதத்துக்குச் செய்யும் சிகிச்சை கேட்பதற்கு எளிது. கெண்டைக்காலின் ஆழத்தில், பாதத்தை உள்பக்கமாகத் திருப்பும் தசை ஒன்று இருக்கிறது. அதன் நரம்பு பெரும்பாலும் இந்த நோயில் தப்பிவிடுகிறது. உள்ளங்கால் பக்கம் ஒட்டியிருக்கும் அதன் நாணைப் பிரித்தெடுத்து, முன்பக்கமாகத் திருப்பிக் கொண்டுவந்து, கால்விரல்களைத் தூக்கும் நாண்களோடு தைத்துவிடுகிறார்கள். பிறகு சில வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பின்தான் கடினமான வேலை. பாதத்தை உள்ளே திருப்பு என்று மூளை கட்டளையிட வேண்டும்; பாதம் மேலே எழும்பும். ஒரு வேலைக்குப் பழகிய தசைக்கு வேறு வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இயன்முறை சிகிச்சையாளர் பக்கத்தில் உட்கார்ந்து, நாள்தோறும், குழந்தைக்கு நடை பழக்குவதுபோலப் பழக்க வேண்டும். இந்த முறையைச் செம்மைப்படுத்தியவர்களில் செங்கல்பட்டில் பணியாற்றிய எச். சீனிவாசனும் ஒருவர்.

கத்தியே வைக்காத ஒரு சிகிச்சையும் இதே வரலாற்றில் உண்டு. மரத்த காலின் புண்ணை மருந்து போட்டுப் போட்டு ஆற்ற முடியாமல் இருந்தபோது, காலை மாவுக்கட்டுக்குள் வைத்து அழுத்தத்தைப் பகிர்ந்துவிட்டால் தானே ஆறும் என்று 1930களில் காட்டியவர்களில் ஒருவர் இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால். வேலூரிலும், பின்பு அமெரிக்காவிலும் பிராண்ட் அதைப் பரப்பினார். இன்று உலகெங்கும் சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்குப் போடப்படும் கட்டு இதன் வழிவந்ததுதான்.

வரலாறு ஓர் ஆணின் பெயரைச் சுற்றியே சொல்லப்படும்போது இரண்டு பெண்கள் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒருவர் மேரி வர்கீஸ். கொச்சியைச் சேர்ந்தவர், வேலூரில் படித்த இளம் மருத்துவர். ‘ரத்தக்கண்ணீர்’ வந்த அதே 1954இன் ஜனவரியில் சாலை விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் இழந்தார். பிராண்டின் தூண்டுதலில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றார். உட்கார்ந்து செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சை அது. பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் இயங்கத் தொடங்கியது. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார்.

அவரைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அவருடைய அறிவு எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கதையில் விடுபடுகிறது. முதுகெலும்பு அடிபட்டவருக்குப் படுக்கைப்புண் வருவதும் தொழுநோயாளிக்கு உள்ளங்கால் புண் வருவதும் ஒரே காரணத்தால்தான். உணர்வற்ற தோலின் மேல் இடைவிடாமல் விழும் அழுத்தம் அது. வலி எச்சரிக்காத உடம்பை ஒவ்வொரு மணியும் கண்ணால் பார்த்துக் காக்க வேண்டியதன் அர்த்தம் மேரிக்குத் தன் உடம்பிலிருந்தே தெரியும். அறுவை மேசையில் இருந்த நோயாளியும் நாற்காலியில் இருந்த மருத்துவரும் அந்த ஓர் அறிவைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

இன்னொருவர் ஆஸ்திரேலியாவின் கிரேஸ் வாரன். ஹாங்காங்கின் ஹே லிங் சௌ தீவுத் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியவர். பாதத்தின் நடு எலும்புகள் உணரப்படாத முறிவுகளால் நொறுங்கி, வளைவு சரிந்து, உள்ளங்கால் படகின் அடிப்பாகம்போல உப்பிவிடும் நிலையை அவர் ஆராய்ந்து 1971இல் எழுதினார். தொடக்கத்திலேயே கண்டுபிடித்து மாதக்கணக்கில் மாவுக்கட்டில் வைத்தால் எலும்புகள் கூடும். பிந்திவிட்டால் எலும்புகளை அறுத்துச் சீராக்கி ஒன்றோடொன்று ஒட்டவைத்து ஊன்றத்தக்க பாதமாக்கலாம். வெட்டி எடுத்துவிடலாம் என்று எளிதாகச் சொல்லப்பட்ட கால்களைக் காப்பாற்றும் வழி இது. பின்னர் ஆசியாவின் பல நாடுகளுக்குச் சென்று இதை அவர் கற்பித்தார்.

இனி மூன்றாவது கேள்வி. நாணை மாற்றித் தைத்தால் அசைவு திரும்புகிறது. எலும்பை ஒட்டவைத்தால் வடிவம் திரும்புகிறது. செத்த நரம்பின் உணர்வு திரும்புவதில்லை. திருத்தப்பட்ட பாதமும் வலி அறியாத பாதம்தான். ஆகவே காப்பது செருப்பின் வேலையாகிறது. வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் இதற்கென்றே உருவானது நுண்ணறை ரப்பர் அடிப்பாகம் கொண்ட செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்று சொன்னால் தொழுநோய் மருத்துவமனைகளில் எல்லோருக்கும் தெரியும். மெத்தென்று அமுங்கி, அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்புவது.

அந்தச் செருப்பு நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வருவது நம் வழக்கம். ஆணுக்கு வேலை பெரும்பாலும் வாசலுக்கு வெளியே. செருப்பும் அவனோடு வெளியே இருக்கிறது. பெண் விடிகாலையிலிருந்து இரவுவரை நிற்பதும் நடப்பதும் வாசலுக்கு உள்ளே, அடுப்படியில். மருத்துவர் எழுதிக்கொடுத்த செருப்பு அவள் நாளின் பெரும்பகுதிக்கு வாசலில் கிடக்கிறது. அடுப்படிக்குள் செருப்போடு நுழையும் மருமகளை எத்தனை மாமியார்கள் பொறுத்துக்கொள்வார்கள்? சாமி அறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெளியே போட்டுப் போகலாம் என்றாலும் தயக்கம். கறுப்பாக, பட்டையாக, எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டுத் தெரிந்த அந்தச் செருப்பே நோயின் பெயரைத் தெருவுக்குச் சொல்லிவிடும். காலைக் காக்கக் கொடுத்த பொருள் காலைக் காட்டிக்கொடுத்தது.

சாதிக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் ஆதிக்க சாதியினர் வாழும் தெருவில் தலித்துகள் செருப்பு அணிந்து நடக்கத் தடை இருந்தது. கையில் தூக்கிக்கொண்டு கடந்தவர்களின் நினைவு இன்னும் அழியவில்லை. உணர்வற்ற பாதத்தோடு ஒரு தலித் பெண் அந்தத் தெருவைக் கடந்து களத்து வேலைக்குப் போனாள் என்றால், அவள் காலில் தைத்த முள்ளை நோயின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

அடுத்தது ஓய்வு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வாரக்கணக்கில் மாவுக்கட்டு, அதற்குப் பின் பயிற்சி. ஓர் ஆண் ஒன்றரை இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தால் கூலி போகும், குடும்பம் திண்டாடும். ஆனால் சோறு பொங்கும். ஒரு பெண் கிடந்தால் அடுப்பை யார் பற்றவைப்பது என்பதே முதல் கேள்வி. தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்கு ஊக்கத்தொகையாக 8,000 ரூபாய் கொடுத்தார்கள், பின்னர் அதை உயர்த்தினார்கள். அது இழந்த கூலியை ஈடுகட்டக் கொடுக்கும் பணம். கூலியே இல்லாத வேலைக்கு ஈடு எப்படிக் கணக்கிடுவது என்று அந்தத் திட்டத்துக்குத் தெரியாது. இந்தியாவில் இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைச் சுற்றிப் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள்; பெண்கள் அதில் ஐந்தில் இரண்டு பங்கின் அருகில். புடவைக்கும் ரவிக்கைக்கும் உள்ளே இருக்கும் தேமலை ஓர் ஆண் ஊழியரிடம் காட்டத் தயங்குகிறவள் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறாள். நரம்பு கெட்ட பிறகே பலர் வருகிறார்கள்.

பாதத்தை மருத்துவம் திருத்திக்கொண்டிருந்தபோது சட்டம் என்ன செய்தது? 1955ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் அந்த ஆண்டு உருவானது. செங்கல்பட்டு மருத்துவமனையை மத்திய அரசு ஏற்று ஆராய்ச்சி நிறுவனமாக்கியதும் அதே ஆண்டு. இந்து திருமணச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டுதான். கடுமையான, குணப்படுத்த முடியாத தொழுநோய் மூன்று ஆண்டுகள் இருந்தால் அது மணமுறிவுக்குக் காரணமாகலாம் என்றது அந்தச் சட்டம். 1976 திருத்தத்தில் அந்த மூன்று ஆண்டுக் காலவரையும் நீங்கியது. தாளில் இந்தப் பிரிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. வாழ்க்கையில், நோயுற்ற கணவனை விட்டுப் போகும் மனைவியை ஊர் எப்படிப் பேசும், நோயுற்ற மனைவியை அனுப்பிவிடும் கணவனை எப்படிப் பேசும் என்பது நமக்குத் தெரியாததல்ல. சந்திராக்களைப் புகழ்ந்த சமூகம் மோகனசுந்தரங்களிடம் அதே பொறுமையைக் கேட்கவில்லை. நீதிமன்றம்வரை போகாமல், தாய்வீட்டுக்கு அனுப்பி, அப்படியே விட்டுவிடுவதற்குச் சட்டமும் தேவைப்படவில்லை. சட்டம் அதற்கு ஒரு நியாயத்தைக் கொடுத்தது.

1982 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையில் நோய் முழுமையாகக் குணமாகிறது. பிச்சை எடுக்கும் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க அனுமதித்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. மணமுறிவுக் காரணங்களின் பட்டியலிலிருந்து தொழுநோய் 2019இல்தான் எடுக்கப்பட்டது. குணமாகும் என்று தெரிந்த பின்னும் 37 ஆண்டுகள் ‘குணப்படுத்த முடியாத’ என்ற சொல் நம் திருமணச் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த ஆண்டுகளில் நாண் மாற்றிப் பாதம் நேரான எத்தனையோ பெண்கள், சட்டத்தின் கண்ணில் விலக்கத்தக்க மனைவிகளாகவே நடந்தார்கள்.

இதைப் பழைய நோயின் பழைய கதை என்று தள்ளிவைக்க முடியாது. சர்க்கரை நோயும் காலின் உணர்வைக் கொல்கிறது. அதே உள்ளங்கால் புண், அதே நடு எலும்பு நொறுங்கல், அதே மாவுக்கட்டு, கைவிடப்பட்டால் அதே இழப்பு. நம் அம்மாக்கள் சிமெண்டுத் தரையில், கிரானைட் தரையில் வெறுங்காலோடு நின்று சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள் என்று மருத்துவர் சொன்னதை அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று ஒத்திப்போடுகிறார்கள். வாசற்படியின் விதி இன்னும் மாறவில்லை.

உணர்வற்ற பாதம் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் தரும் அறிவுரைகளில் ஒன்று மிகச் சாதாரணமானது. ஒவ்வோர் இரவும் உள்ளங்காலைக் கழுவி, துடைத்து, காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். கணவரின் காலைத் தொட்டுக் கும்பிடவும், மாமனார் மாமியாருக்குக் கால் பிடித்துவிடவும் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த வீடு இது. அந்த வீட்டில் ஓர் ஆண் தரையில் உட்கார்ந்து, மனைவியின் பாதத்தை மடியில் வைத்து, விளக்கைக் கிட்டே கொண்டுவந்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்ப்பதை நினைத்துப் பார்க்கவே பலருக்குக் கூச்சமாக இருக்கும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது அவளிடம் கொடுக்கும் அறிவுரைச் சீட்டை இனி அவனிடமும் கொடுக்க வேண்டும்.